சைப்ரஸ் ஹில்: ஒரு தெருவின் பெயரில் எழுந்த குழு

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தென்கிழக்கே, சவுத் கேட் நகரின் சைப்ரஸ் அவென்யூதான் இந்த ஹிப்ஹாப் குழுவுக்குப் பெயர் தந்தது. கியூபாவில் பிறந்த சென் டாக், மெக்சிகோ-கியூபா வழிவந்த பி-ரியல், இசையைக் கட்டமைத்த டிஜே மக்ஸ் ஆகியோர் 1988இல் ஒன்று கூடினார்கள். மூக்கால் இழுத்துப் பாடும் பி-ரியலின் கீச்சுக் குரலும், பின்னாலிருந்து அதட்டும் சென் டாக்கின் கட்டைக் குரலும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது. 1991இல் வெளியான முதல் ஆல்பத்திலேயே, ‘லத்தீன் லிங்கோ’ பாடலில், ஆங்கிலமும் ஸ்பானிஷும் தயக்கமின்றிக் கலந்தன. 1993இல் ‘பிளாக் சண்டே’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அந்தப் புகழுக்குப் பிறகும் வீட்டு மொழியை அவர்கள் விடவில்லை. 1999இல் தங்கள் பாடல்களை ஸ்பானிஷில் மறுபடி பாடி ஓர் ஆல்பமே வெளியிட்டார்கள். 2019இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கப்பெற்ற முதல் லத்தீன் ஹிப்ஹாப் குழு இவர்களே.