நெடும்பாதைகள் – 9: நடப்பவர் ஒருவர், உழைப்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1948இல் ஏர்ல் ஷாஃபர் இதை ஒரே பயணமாக நடந்து முடித்த நாள்முதல், நெடுநடையைத் தனிமனித உறுதியின் கதையாகவே சொல்லிவருகிறார்கள். அதில் பாதிக் கதை விடுபட்டுப்போகிறது. 2011இல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் இப்பாதையை 46 நாள், 11 மணி, 20 நிமிடத்தில் கடந்தார். நாளுக்குச் சராசரி 75 கிலோமீட்டர். அதுவரை எந்த ஆணும் அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. பாதை தார்ச்சாலையையோ காட்டுச்சாலையையோ வெட்டும் இடங்களுக்கு, சாப்பாடும் தண்ணீரும் மாற்றுடையுமாகக் காரில் வந்து நின்றவர் கணவர் ப்ரூ. வரைபடத்தில் சாலையைத் தேடுவது, மனைவி வந்துசேரும் நேரத்தைக் கணிப்பது, கடைக்குப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் உடல் நொந்து நடையைக் கைவிட ஜெனிஃபர் துணிந்தபோது, அந்த நிலையில் முடிவெடுக்க வேண்டாம் என்று தடுத்ததும் கணவர்தான். சாதனைப் பட்டியலில் இருப்பது ஒரு பெயர்.

சாதனைக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று சொல்லலாம். ஆனால் ஐந்தாறு மாதம் சாவகாசமாக நடப்பவருக்கும் இது பொருந்தும். அவ்வளவு நாளைக்கான உணவை யாரும் முதுகில் சுமக்க முடியாது. சிலர் வழியிலுள்ள ஊர்களில் வாங்கிக்கொள்கிறார்கள். பலருக்கு வீட்டிலிருந்து பெட்டிகள் வருகின்றன. பாதையோரச் சிற்றூர்களின் அஞ்சலகங்கள் அவற்றை நடப்பவர் வரும்வரை வைத்திருக்கும். அவர் எந்த வாரம் எந்த ஊரை எட்டுவார் என்று கணக்கிட்டு, முன்கூட்டியே பெட்டி கட்டி அனுப்புபவர் பெரும்பாலும் தாயோ துணைவரோ நண்பரோதான். வீட்டுக் கட்டணங்களையும் வளர்ப்புப் பிராணியையும் பார்த்துக்கொள்வதும் அவரே. முழுப் பாதையையும் நடக்கப் புறப்படுவோரில் நால்வரில் ஒருவரே முடிக்கிறார் என்கிறார்கள். அந்த ஒருவருக்குப் பின்னால் இந்த உழைப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017இல் ஜோ மெக்கானஹி, வழியில் வந்து சந்திக்கும் உதவிக்குழு எதுவும் இல்லாமல் 45 நாள், 12 மணி, 15 நிமிடத்தில் முடித்தார். முந்தைய ஆண்டு உதவியாளர்களோடு ஓடிய கார்ல் மெல்ட்ஸரையும் முந்திவிட்டார். உதவியில்லாவிட்டால் வேகமில்லை என்று நான் வாதிட்டால் அந்த வாதம் இங்கேயே உடைந்துவிடும். என் வாதம் வேறு: உதவி எங்கே இருந்ததோ அங்கே அதுவும் நடையின் பகுதி. 2024இல் டாரா டவர் 40 நாள், 18 மணி, 6 நிமிடத்தில் முடித்தபோது உதவிக்குழுவில் அவருடைய தாயும் இருந்தார். மகளின் கால்களுக்குரிய பெருமையை அது எள்ளளவும் குறைக்காது.

எம்மா கேட்வுட்டை யாராவது நினைவூட்டக்கூடும், நியாயம்தான். 1955இல், 67 வயதில், தோளில் ஒரு துணிப்பையோடு இப்பாதையைத் தனியே முடித்தார். பதினொரு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளிடம் முழு விவரம் சொல்லாமலே புறப்பட்டவர். கணவரின் அடி உதையைப் பல ஆண்டு தாங்கிப் பின் விவாகரத்துப் பெற்றவரும்கூட. எல்லா வீடும் துணை நிற்கும் வீடல்ல என்பதை அவர் வாழ்க்கை சொல்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் வழியெங்கும் அவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் முன்பின் தெரியாத குடும்பங்கள். உறவு தராததை ஊர் தந்தது. துணையே இல்லாத நடையாக அதுவும் இருக்கவில்லை.

ஆகவே சாதனைப் பட்டியல்கள் 'உதவியோடு' என்று வகை குறிப்பதோடு நில்லாமல், உதவியவர் பெயரையும் அதே வரியில் எழுத வேண்டும். 2015இல் மனைவி ஜென்னியின் துணையோடு ஓடிய ஸ்காட் ஜூரெக், அந்த ஓட்டத்தைப் பற்றிய 'நார்த்' நூலை மனைவியோடு சேர்ந்தே எழுதினார். ஓடியவரின் குரலும் வண்டியோட்டியவரின் குரலும் அதில் மாறி மாறி வருகின்றன. அந்த அளவு இடத்தைப் பட்டியல்காரர்கள் தர வேண்டியதில்லை. ஒரு பெயருக்கான இடம் தந்தால் போதும்.