பூட்டிய கோப்பும் பௌபஜார்த் தகடும்

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், கல்கத்தா பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமனும் வத்திராயிருப்பு தந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் ஒரு புதுமையைக் கண்டதை நம்மவர் யாவரும் அறிவர். அந்நிறமாலைகளை அவர்கள் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்தனர். தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் தெரியும், அளக்கவும் செய்யலாம். அதைப் படிக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதே இராமன் நிறமாலையை இன்று இந்நகரில் எடுக்கும் மாணவனின் நிலை வேறு. கருவி அவனுக்கு அளிப்பது ஒரு கோப்பு. கருவியைச் செய்த கம்பெனி தனக்கென வகுத்துக்கொண்ட அமைப்பில் அது இருக்கும். அக்கம்பெனியின் மென்பொருள் இன்றி வாய் திறக்காது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூத்த மாணவர் ஒருவர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். அவருடைய வேலையைத் தொடர வேண்டியவன் நான். அவர் இரண்டாண்டு எடுத்த நிறமாலைகள் பழைய கணிப்பொறியில் இருந்தன. அதில் செருகினால்தான் மென்பொருள் இயங்கும் என்ற சிறு சாவியைத்தான் காணோம். மூன்று வாரம் கோப்புகளின் பெயர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசை, அவ்வளவே. நோட்பேடில் திறந்தால் குப்பையாகத் தோன்றுவதற்குக் காரணம், அவ்வெண்கள் எழுத்துகளாக அன்றிப் பைட்டுகளாக அடுக்கப்பட்டிருப்பதுதான். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, இலவசமாகக் கிடைக்கும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் கோப்பின் தொடக்கத்தைப் பார்ப்பது. ரெனிஷா கம்பெனியின் கோப்பு 'டபிள்யு, டி, எஃப், 1' என்ற நான்கு குறிகளோடு தொடங்கும். பலரும் கையாளும் எஸ்.பி.சி. கோப்பின் புதிய வகையில் முதல் 512 பைட்டுகள் தலைப்பு. புள்ளிகள் எத்தனை, அச்சின் முதல் மதிப்பு எது, கடைசி மதிப்பு எது என்பன அங்கே இருக்கும். இடைவெளி சமமானால் நடு மதிப்புகளை எழுதுவதே இல்லை. நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கோட்டின் உயரங்களும் சில வேளை முழு எண்களாக இருக்கும். தலைப்பில் சொல்லியபடி இரண்டின் ஓர் அடுக்கால் பெருக்கினால்தான் உண்மை மதிப்பு வரும். இதை மறந்தவனுக்குக் கிடைக்கும் படம் வடிவில் மெய்யாகவும் அளவில் பொய்யாகவும் இருக்கும்.

இவ்வளவையும் நாமே செய்யத் தேவையில்லை. பைத்தான், ஆர் மொழிகளில் இதற்கான நிரல்களைப் பலர் எழுதி இலவசமாக வைத்துள்ளனர். இது திருட்டாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கோப்பிலுள்ள அளவீடு நம்முடையது. மேலும், நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு மென்பொருளோடு இன்னொன்று ஒத்தியங்கத் தேவையான செய்தி வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைக் கண்டறிய இடம் தருகிறது.

திறந்த பின் மாற்ற வேண்டும். வெறும் இரண்டு நிரல் எண்களாக மாற்றிவிடுவோர் பலர். அங்கேதான் இழப்பு, எந்த லேசர், எத்தனை வினாடி, எந்தக் கீற்றணி என்பவை போய்விடும். 1988இல் வெளியான ஜேகாம்ப்-டிஎக்ஸ் என்ற முறை இதற்கு நல்லது. அது எழுத்துக் கோப்பு, இவ்விவரங்களையும் பெயரிட்ட வரிகளில் எழுதிவைக்கலாம், எவரும் படிக்கலாம். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடும் ஐரோப்பிய வழக்கத்தில் கணிப்பொறி அமைந்திருந்தால் 520,7 என்பது 5207 ஆகிவிடும், எச்சரிக்கை. மூலக்கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்கலாகாது.

எங்கள் கோப்புகள் ஒருவாறு திறந்தன. ஆனால் ஒரு தொகுதியில் அச்சு நானோமீட்டரில் இருந்தது. லேசரின் பெயர் இல்லை. கூடத்தில் இருந்தவையோ 514.5, 532 என இரண்டு லேசர்கள். அண்ணனுக்குப் போன் செய்தேன். "நினைவில்லையப்பா, நாள்தோறும் காலையில் சிலிக்கன் எடுப்பேன், பார்" என்றார். பார்த்தேன். சிலிக்கன் கோடு 547.16இல் நின்றது. சிலிக்கனின் பெயர்ச்சி சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 521 அலைகள் என்பது தெரிந்ததே. ஒரு கோடியை 532ஆல் வகுத்து, ஒரு கோடியை 547.16ஆல் வகுத்து வந்ததைக் கழித்தேன்: 520.8. அன்றிரவே தொகுதி முழுவதையும் மாற்றி, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 532 என்று எழுதி வைத்தேன்.