சீருடை: சமத்துவமா? சுமையா?



ஜூன் மாதம் பிறந்தால் நம் பங்குகளில் பள்ளி திறக்கும் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. புதிய பை, புதிய புத்தகம், புதிய சீருடை என்று பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அதே வீட்டில் தாய் எந்த நகையை அடகு வைப்பது என்றும், தந்தை யாரிடம் கைமாற்றுக் கேட்பது என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்விக் கட்டணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சீருடைச் செலவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அது ஒரு சிறு செலவு என்ற எண்ணமே அதற்குக் காரணம். தினக்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு செலவுதானா? தொடக்கப்பள்ளி மாணவர்களை மனத்தில் கொண்டு இதைச் சற்று சிந்திப்போம்.

சீருடை ஏன் வந்தது?

பள்ளிச் சீருடையின் வரலாற்றைத் தேடிப் போனால் நாம் இலண்டன் மாநகருக்குச் செல்ல வேண்டும். 1552ஆம் ஆண்டு, மன்னர் 6ஆம் எட்வர்ட் காலத்தில், ஆதரவற்ற ஏழைக் குழந்தைகளுக்காக அங்கே கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயரில் மருத்துவமனை என்றிருந்தாலும் அது பள்ளிதான். அங்கிருந்த பிள்ளைகளுக்கு நீல நிற நீண்ட அங்கி கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆங்கிலேய நாட்டில் தோன்றிய பல அறப் பள்ளிகள் இதைப் பின்பற்றின. இந்தத் தொடக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. உடுத்த உடை இல்லாத பிள்ளைக்குப் பள்ளி இலவசமாகக் கொடுத்த உடைதான் சீருடை. பெற்றோர் விலை கொடுத்து வாங்கியது அல்ல.

நம் தமிழகத்திலும் கதை ஏறத்தாழ இதுவே. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர் மக்களே முன்வந்து பலகை, நாற்காலி, கரும்பலகை என்று தம் ஊர்ப் பள்ளிக்கு வழங்கினார்கள். பிள்ளைகளுக்குச் சீருடையும் வழங்கினார்கள். பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிற உடையில் ஒரே பெஞ்சில் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆக, சீருடைக்கு உரிய வேலை ஒன்றே ஒன்றுதான்: ஏழ்மையை மறைப்பது. எந்தப் பிள்ளையும் தன் உடையால் தாழ்த்தப்படக் கூடாது என்பதே அதன் பொருள்.

செலவு எப்படிக் கூடுகிறது?

ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒரு குழந்தைக்கு இன்று சுயநிதிப் பள்ளிகளில் என்னென்ன கேட்கப்படுகின்றன என்று பட்டியல் இட்டுப் பாருங்கள். வாரத்தின் பெரும்பாலான நாள்களுக்கு ஒரு சீருடை, குறைந்தது இரண்டு செட். உடற்கல்வி நாளுக்கு வேறு நிறத்தில் ஒன்று. கறுப்பு ஷூ ஒன்று, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி சாக்ஸ். பிறகு டை, பெல்ட், அடையாள அட்டை. வெயில் கொளுத்தும் நம் ஊரில் ஐந்து வயதுக் குழந்தையின் கழுத்துக்கு டை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இவற்றுக்கு மேல் ஆண்டு விழா வந்தால் நடன உடைக்கு வாடகை.

செலவு கூடுவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, தனித் துணி. சாதாரண வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பள்ளிக்கென்றே தனிக் கட்டம் போட்ட துணியும் சின்னம் தைத்த பாக்கெட்டும் வேண்டுமென்றால் அதை மொத்தமாகத்தான் தயாரிக்க முடியும். அப்படித் தயாரித்ததை ஒரே கடைதான் வைத்திருக்கும். ஒரே கடை என்றால் அங்கே சொல்வதுதான் விலை. பேரம் பேச வழியில்லை, தவணைக்கும் வழியில்லை.

இரண்டாவது, அடிக்கடி மாற்றம். நிர்வாகம் மாறும்போதோ வெள்ளி விழா வரும்போதோ சீருடையை மாற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அன்றோடு அண்ணனின் சட்டை தம்பிக்கு உதவாமல் போகிறது. ஏழை வீடுகளில் ஒரு சீருடை இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும். ஒரு மாற்றம் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

மூன்றாவது, குழந்தையின் வளர்ச்சி. தொடக்கப்பள்ளி வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரம் வளர்கிறது. பெரியவர் சட்டையை நான்கு ஆண்டுகள் அணியலாம். குழந்தையின் சட்டை கிழியாவிட்டாலும் அடுத்த ஆண்டு சிறிதாகிவிடும். அதனால்தான் நம் தாய்மார் தையற்காரரிடம் உள்மடிப்பு அதிகம் வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள். ஆயத்த ஆடையாகவே வாங்க வேண்டும் என்ற விதி வந்தால் அந்தச் சிக்கனத்திற்கும் இடமில்லை.

கூலிக் கணக்கில் பார்த்தால்

ஒரு பிள்ளைக்கு மேற்சொன்ன எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 6,000 ரூபாய். தமிழகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 2025-26 நிதியாண்டில் 336 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. முழுக் கூலியும் குறையாமல் கிடைத்தால்கூட 18 நாள் உழைப்பு சீருடைக்கே போய்விடும். அந்த 18 நாளும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

நம் கடற்கரைப் பங்குகளை நினைத்துப் பாருங்கள். மீன்களின் இனப்பெருக்கத்திற்காக கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. பள்ளி திறப்பதோ ஜூன் மாதத் தொடக்கத்தில். அதாவது, வருமானம் அறவே நின்றுபோன நாள்களில்தான் சீருடைப் பட்டியல் மீனவர் வீட்டு வாசலுக்கு வருகிறது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023ஆம் ஆண்டு அறிவித்தது. அதில் 6,000 ரூபாய் சீருடைக்குப் போனால் மீதம் 2,000 ரூபாய். 61 நாள்களுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட இல்லை. வட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் பெற்றோர் ஏன் போகிறார்கள் என்பது இப்போது புரியும்.

அரசு என்ன தருகிறது?

தமிழக அரசு இதில் முன்மாதிரியான பணியைச் செய்துள்ளது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். சத்துணவுத் திட்டத்தில் பயன்பெறும் பிள்ளைகளுக்கு 1985ஆம் ஆண்டு முதல் விலையில்லாச் சீருடை வழங்கப்பட்டது. 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு செட் என்று உயர்த்தப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கான திட்டம் இது. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் இவற்றைத் தைக்கிறார்கள். பிள்ளைக்கு உடை, ஏழைப் பெண்ணுக்கு வேலை என்று இரண்டு நன்மை.

நம் ஆர்.சி. தொடக்கப்பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. எனவே அங்கே சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு இது உரியது. ஆனால் அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு நடந்தால் அங்குள்ள பிள்ளைகளுக்கு இது கிடையாது. "ஆங்கில வழியில் சேர்ப்பவர்கள் வசதி உள்ளவர்கள்தானே?" என்று சொல்லிவிட முடியாது. தன் பிள்ளையாவது ஆங்கிலம் பேசட்டும் என்ற ஆசையில் கடன் வாங்கிச் சேர்க்கும் தொழிலாளர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சட்டமும் மனச்சான்றும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கும் எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின் மேல் சுமத்தக் கூடாது என்கிறது. அதன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் 2014ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பின்படி சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. 2025 செப்டம்பரில் வேறொரு வழக்கை விசாரித்த இரு நீதிபதிகள் அத்தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியை எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்குப் பரிந்துரைத்தார்கள்.

வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சிறுபான்மை உரிமை நமக்கு எதற்காகத் தரப்பட்டது? நம் பிள்ளைகளை, குறிப்பாக ஏழைப் பிள்ளைகளை, நம் விருப்பப்படி நன்றாக வளர்ப்பதற்காக. ஏழைகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைவிட நம் பள்ளி தரும் பாதுகாப்பு குறைவாக இருக்குமானால், அந்த உரிமையை நாம் எப்படி நியாயப்படுத்துவோம்? 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள் வசதியற்ற பிள்ளைகள் மேல் கத்தோலிக்கப் பள்ளிகள் தனிக் கரிசனை கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. பளபளப்பான ஆடை அணிந்தவரை முன்வரிசையிலும் அழுக்கு ஆடை அணிந்தவரைக் காலடியிலும் அமர்த்துபவர்களைத் தூய யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அவர் பேசுவது தொழுகைக்கூடத்தைப் பற்றி. நம் காலை இறைவணக்கக் கூட்டத்திற்கும் அது பொருந்தும்.

ஷூ இல்லாமல் செருப்பு அணிந்து வந்த குழந்தை அந்தக் கூட்டத்தில் தனியாக நிறுத்தப்படும்போது என்ன நடக்கிறது? அப்பாவிடம் பணம் இல்லை என்பது ஐந்நூறு பேருக்கு முன்னால் அறிவிக்கப்படுகிறது. ஏழ்மையை மறைக்க வந்த சீருடையே அதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. ஏழு வயதுக் குழந்தை தன் ஷூவைத் தானே வாங்குவதில்லை. வாங்காத குற்றத்திற்கு அது தண்டனை பெறுவது எந்த வகையில் நீதி?

நாம் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சில தீர்மானங்கள் போதும்.

1. எளிய துணி: எந்தக் கடையிலும் கிடைக்கும் நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுக்கலாம். பள்ளியின் சின்னத்தைத் தனித் துண்டாகக் கொடுத்தால் வீட்டிலேயே தைத்துக்கொள்வார்கள். வீட்டில் தைக்கவும் தெருமுனைத் தையற்காரரிடம் தைக்கவும் பெற்றோருக்கு அனுமதி வேண்டும்.

2. குறைந்த பட்டியல்: 5ஆம் வகுப்பு வரை டையும் இரண்டாவது ஷூவும் தேவைதானா என்று பெற்றோர்-ஆசிரியர் கழகத்தில் கேட்கலாம். ஆண்டு விழாவில் சீருடையிலேயே ஆடிப் பாடினால் கலை குறைந்துவிடாது.

3. நிலையான சீருடை: மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓராண்டுக்கு முன்பே அறிவித்து, பழையதையும் இரண்டு மூன்று ஆண்டுகள் அனுமதிக்கலாம்.

4. கால அவகாசம்: கடற்கரைப் பங்குகளில் தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை எந்த உடையும் சீருடைதான் என்று தாளாளர் அறிவிக்கலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

5. சீருடை வங்கி: ஏப்ரல் மாத இறுதியில் சிறிதாகிப்போன சீருடைகளைத் துவைத்துத் தேய்த்துப் பள்ளியில் கொடுக்கச் சொல்லலாம். அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இதைப் பொறுப்பேற்கலாம். ஆனால் ஏழைகளுக்கு மட்டும் என்று பெயர் வைக்க வேண்டாம். எல்லாரும் கொடுக்கட்டும், எல்லாரும் எடுக்கட்டும். இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் வந்த வழிகாட்டுதலே, சின்னம் பொறித்த உடைகளைக் குறைக்கவும், பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்கச் செய்யவும் பள்ளிகளைக் கேட்கிறது. வசதியான நாட்டிலேயே இது வெட்கம் இல்லை என்றால் நமக்கு ஏன் வெட்கம்?

6. பிள்ளையிடம் அல்ல, பெற்றோரிடம்: சீருடையில் குறை இருந்தால் ஆசிரியர் தனியாகப் பெற்றோரிடம் விசாரிக்கட்டும். கேட்கும் தொனியும் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்பதாக இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சீருடையை ஆடம்பரமாக்குவதில் நமக்கும் பங்கு உண்டு. பிறந்த நாளன்று விலை உயர்ந்த கலர் டிரஸ் போட்டு அனுப்பி, வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுக்கச் சொல்கிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை அன்று மாலை தன் வீட்டில் என்ன கேட்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அதுபோல, முடியாத நிலை வந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். பங்குத்தந்தையிடமோ தலைமையாசிரியரிடமோ மனம் திறந்து சொல்லுங்கள். சீருடை பத்து நாள் கழித்து வரலாம். விட்டுப்போன பாடமும் குறைந்துபோன ஆர்வமும் அவ்வளவு எளிதில் திரும்பி வருவதில்லை.

முடிவாக

புதுநன்மை விழாவில் ஆடம்பர உடைகளைத் தவிர்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான எளிய வெள்ளை உடையைப் பங்கின் சார்பிலேயே ஏற்பாடு செய்யும் வழக்கம் சில பங்குகளில் உண்டு. நற்கருணைப் பந்தியில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு தெரியக் கூடாது என்பதற்காகவே இது. ஒரு நாள் விழாவுக்கு நாம் செய்யத் தெரிந்ததை ஆண்டின் ஏறத்தாழ 200 பள்ளி நாள்களுக்கும் செய்ய முடியாதா?

அடுத்த கல்வியாண்டுக்கான பட்டியலைத் தயாரிக்கும் தாளாளர்களும் தலைமையாசிரியர்களும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு ஏழைத் தந்தையின் எத்தனை நாள் கூலி என்று எழுதிப் பார்க்கட்டும். பிறகு எதை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவு செய்யட்டும்.