நேராக்கிய பல் நேராக நிற்குமா?

பல் போனால் சொல் போச்சு என்பர் பெரியோர். பல் போகாமலே, அது சற்றுக் கோணியதற்காகச் சிரிப்பைக் கையால் மூடிக்கொள்ளும் தோழியர் நம்மிடையே உண்டு. என் அக்காளும் அப்படித்தான் இருந்தாள். அவள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். அம்மா தறியில் அமர்ந்து பட்டுப் புடவை நெய்த கூலியிலிருந்து தவணை தவணையாகப் பணம் கட்டினார். இரண்டு ஆண்டுகளில் பற்கள் சீராயின. கம்பியைக் கழற்றிய மருத்துவர், தினமும் அணிந்துகொள்ள ஒரு தட்டைக் கொடுத்தார். சில மாதங்களுக்குப் பின் அது அலமாரியில் உறங்கியது. மூன்றாண்டுகளில் கீழ் முன்பற்கள் மறுபடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. “நாய் வாலை நிமிர்த்திய கதைதான்” என்று பாட்டி அலுத்துக்கொண்டார்.

பாட்டி சொன்னது சரியா? ஆராய்ந்து பார்ப்போம்.

பல், சுவரில் அடித்த ஆணி போன்றதன்று. அதன் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுந்தும் பக்கத்து எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறே பல் இடம் மாறுகிறது.

மாறிய பல் திரும்பி வருவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நார்கள். வேரைச் சுற்றியுள்ள நார்கள் 3, 4 மாதங்களில் புதிய இடத்திற்குப் பழகிவிடும். ஈற்றிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கோ ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முறுக்கிய பட்டு நூலின் நுனியை விட்டால் அது சுழன்று திரும்புவதை ஆரணிப் பிள்ளைகளாகிய நாம் அறிவோம். திருப்பி நேராக்கிய பல்லை அந்த நார்களும் அப்படியே இழுக்கின்றன.

இரண்டாவது, பழக்கங்கள். விரல் சூப்புதல், நாக்கால் பல்லைத் தள்ளுதல் ஆகியவை நீங்காவிட்டால், கம்பி செய்த வேலையை அவை கலைத்துவிடும். மூன்றாவது, வளர்ச்சி. கீழ்த்தாடை பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் வளரக்கூடும். ஆகவே, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்கும் குறையைச் சிறுவயதில் சரிசெய்தாலும், பின்னர் அது தலைகாட்டலாம். வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்குவது, கம்பியே கட்டாதவர்களிடமும் காணப்படும் இயற்கை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை நெடுங்காலம் ஆராய்ந்தனர். கடைவாய்ப் பற்களுக்கு முன்னுள்ள பற்களை எடுத்துவிட்டுச் சிகிச்சை பெற்ற 65 பேரைப் பற்றி 1981இல் எழுதினர். தட்டு அணிவதை நிறுத்திப் பத்தாண்டுகள் சென்றபின், கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றவர்கள் 30 சதவீதத்திற்கும் குறைவு! இருபது ஆண்டுகள் கடந்தவர்களைப் பற்றிய 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் அது ஏறத்தாழ 10 சதவீதமாகக் குறைந்தது.

அப்படியானால் சிகிச்சை வீணா? இல்லை. எல்லாக் குறைகளும் ஒன்றுபோல் திரும்புவதில்லை. உதாரணமாக, மாறிக் கடிக்கும் கடைவாய்ப் பற்களைச் சரிசெய்தபின் அவை ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்திவிட்டால், அந்தப் பிடியே அவற்றைப் பெரும்பாலும் காக்கும். எளிதில் நெருங்கும் முன்பற்களுக்கோ காவல் தேவை. கழற்றி மாட்டும் தட்டு ஒருவகைக் காவல். பற்களின் உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி மற்றொரு வகை. மருத்துவர் சொல்லும் வரை, பல ஆண்டுகளானாலும், இரவில் தட்டை அணிய வேண்டும். வெந்நீரில் கழுவினால் அது வளைந்துவிடும். காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ஏழு வயதளவில் குழந்தையின் பல் வரிசையை மருத்துவரிடம் காட்டுங்கள். விழப்போகும் பல்தானே என்று பால்பல்லின் சொத்தையை விட்டுவிடாதீர்கள். பின்புறப் பால்பல் காலத்திற்கு முன்பே விழுந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து, முளைக்கும் பல்லின் வழியை மறித்துவிடும். சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கெனத் தனித்துறையே உள்ளது.

தோழியரே! கம்பி கழற்றும் நாள் சிகிச்சையின் முடிவு நாளன்று. காவல் தொடங்கும் நாள். அம்மாவின் கூலியை அந்தச் சிறு தட்டு காத்திருக்கும். இவ்வாண்டு எனக்கும் கம்பி கட்டியிருக்கிறார்கள். தட்டு வைப்பதற்கு ஒரு டப்பாவை அக்காள் இப்போதே வாங்கித் தந்துவிட்டாள்.