மார்க்கெட்டிங் டைரக்டர் ஆகணுமா? கடைத்தெருவில் இருந்து தொடங்குங்க!

டிகிரி முடிச்சாச்சு. அடுத்து என்ன என்று யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "அனுபவம் தேவையில்லை. ஆறே மாதத்தில் மார்க்கெட்டிங் டைரக்டர். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்."

கொஞ்சம் நில்லுங்க. மார்க்கெட்டிங் டைரக்டர் என்பது நல்ல வேலை, நல்ல சம்பளம், நல்ல மரியாதை உள்ள வேலை. நம்ம ஊர் கல்லூரியில் படித்தவரும் அந்த நாற்காலிக்குப் போகலாம். ஆனா அது கட்டணம் கட்டி வாங்குகிற பட்டம் இல்லை. போகிற வழி எது, போகக்கூடாத வழி எது என்று பார்க்கலாம் வாங்க.

இவருக்கு என்னதான் வேலை?

'மார்க்கெட்டிங்' என்றதும் பலருக்கு வீடு வீடாகப் பை தூக்கிக்கொண்டு போவதுதான் ஞாபகம் வரும். அது விற்பனை. கையில் இருக்கும் பொருளை விற்பது விற்பனையாளர் வேலை. எந்தப் பொருளை, யாருக்கு, என்ன விலைக்கு, எங்கே வைத்து, எப்படிச் சொல்லி விற்பது என்று முடிவு செய்வது சந்தைப்படுத்தல். அந்த முடிவுகளுக்கும், அதற்கான செலவுக்கும் கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்தான் மார்க்கெட்டிங் டைரக்டர். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற இந்த நான்கு அம்சங்களை 1960-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்துச் சொன்னார். எம்.பி.ஏ. வகுப்பில் இன்றைக்கும் முதல் பாடம் இதுதான்.

கடலூரில் நடந்த பாடம்

நம்ம மாநிலத்திலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கு. 1983-ல் கடலூரில் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். பிற்காலத்தில் கெவின்கேர் ஆன நிறுவனம் இதுதான். பாட்டில் ஷாம்பு வாங்க வசதியில்லாத கிராமத்து மக்களைத்தான் அவர் வாடிக்கையாளராகப் பார்த்தார். அதனால் சிறிய பாக்கெட், சில்லறைக் காசில் விலை, பெட்டிக்கடையில் விற்பனை. ஷாம்புவே தெரியாத ஊர்களில் சிறுவர்களுக்குத் தலைக்குத் தேய்த்துக் குளிக்க வைத்துக் காட்டினார்கள். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்றும் அறிவித்தார்கள். மேலே சொன்ன நான்கு அம்சமும் இதில் இருக்கு பாருங்க. வாங்குகிறவரின் கையில் எவ்வளவு காசு இருக்கு என்று தெரிந்துகொண்டதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம்.

ஏணியின் படிகள்

பொதுவாகப் பாதை இப்படி இருக்கும்: விற்பனை அலுவலர், ஏரியா மேலாளர், பிராண்ட் மேலாளர், சந்தைப்படுத்தல் மேலாளர், பிறகு டைரக்டர். பெரும்பாலானவர்களுக்கு இதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். பெரிய நுகர்பொருள் நிறுவனங்களில் எம்.பி.ஏ. முடித்து வருபவரையும் முதலில் கடை கடையாகத்தான் அனுப்புவார்கள். அதைக் கேவலமாக நினைக்காதீங்க. எந்தப் பொருள் ஏன் தேங்குது, வேறு கம்பெனி சரக்கைக் கடைக்காரர் ஏன் முன்னால் அடுக்குறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

விளம்பர நிறுவனம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் வழியாகவும் மேலே வரலாம். எந்த வழியானாலும் கணக்கு பார்க்கத் தெரியணும், தெளிவா எழுதத் தெரியணும், மனிதர்களிடம் பேசத் தெரியணும். தமிழ்நாட்டு வாடிக்கையாளருக்காக வேலை செய்யும்போது உங்க தமிழும் ஒரு தகுதிதான்.

என்ன படிக்கலாம்?

பி.காம்., பி.பி.ஏ. மட்டும்தான் என்று இல்லை. எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.பி.ஏ. சேரலாம். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வு எழுதணும். திருச்சி உள்ளிட்ட ஐ.ஐ.எம்.களுக்கு 'கேட்' தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. இருக்கு. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் சந்தைப்படுத்தல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டணும்.

'டைரக்டர்' என்ற சொல்லில் கவனம்

பல நிறுவனங்களில் மார்க்கெட்டிங் டைரக்டர் என்பது பதவிப் பெயர் மட்டுமே. நிறுவனங்கள் சட்டம், 2013-ன்படி இயக்குநர் குழுவில் இடம்பெறுபவர் வேறு. அவருக்கு 'டின்' என்ற இயக்குநர் அடையாள எண் இருக்கும். சட்டப் பொறுப்புகளும் இருக்கும். "உங்களை டைரக்டர் ஆக்குறோம், ஆதாரும் பான் கார்டும் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது சொன்னால், விவரம் புரியாமல் போடாதீங்க. நாளைக்கு அந்த நிறுவனம் சிக்கலில் மாட்டினால் நோட்டீஸ் உங்க வீட்டுக்கும் வரலாம்.

அதேபோல, ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களிலும் இந்தப் பதவிப் பெயர் அடிபடும். நேரடி விற்பனை விதிகள், 2021 பிரமிடு திட்டங்களைத் தடை செய்திருக்கு. நேரடி விற்பனையில் சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கவும் கூடாது. வேலை கொடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் தரணும், நீங்க அவருக்குப் பணம் தரக்கூடாது. இந்த ஒரு விதியை மனசில் வைத்தாலே பாதி மோசடியில் இருந்து தப்பிக்கலாம். இணையவழியில் பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பதவியோடு வரும் பொறுப்பு

நாளை நீங்களே விளம்பரத்துக்கு ஒப்புதல் தரும் இடத்தில் உட்காரும்போது இதை மறக்காதீங்க: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

அரசு எப்படி உதவுது?

* நான் முதல்வன்: 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட திட்டம். கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகள் கிடைக்கும். உங்க கல்லூரியில் எந்தப் பயிற்சிகள் இருக்கு என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்.
* மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்: பதிவு செய்வதோடு திரும்பிவிடாதீங்க. வழிகாட்டி ஆலோசனையும் கேட்கலாம். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் இங்கே நடக்கும்.
* தமிழ்நாடு தனியார் வேலை இணையம்: அரசின் இந்தத் தளத்தில் வேலை தேடுபவர் இலவசமாகப் பதிவு செய்யலாம். முதல் வேலைக்கு 'விற்பனை அலுவலர்', 'சந்தைப்படுத்தல் உதவியாளர்' போன்ற பெயர்களில் தேடிப் பாருங்க.

இந்த வாரமே தொடங்கலாம்

உங்க தெரு மளிகைக் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அண்ணாச்சியிடம் மூன்றே கேள்வி கேளுங்க. எது அதிகம் விற்குது? எது தேங்கி நிற்குது? ஏன்? பதிலை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த மாதமும் போய்க் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க. நேர்முகத் தேர்வில் "சந்தையைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால், புத்தகத்தில் படித்ததோடு நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லலாம்.