சாட்சிக் கூண்டும் திரும்பி வரும் பீதியும்: வன்கொடுமை வழக்குகளில் மனநலம் ஏன் சட்டப் பிரச்சினை?

வன்கொடுமை வழக்குகளைக் குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் வாய்தாக்களில் நகர்கின்றன. அந்த ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. வேலைக்குச் செல்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், மெல்ல மெல்ல அச்சத்திலிருந்து வெளியே வருகிறார்கள். பிறகு ஒரு நாள் நீதிமன்றச் சம்மன் வருகிறது. நின்றுபோயிருந்த படபடப்பும் மூச்சுத் திணறலும் மீண்டும் தொடங்குகின்றன. "எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேனே" என்ற சொல்லை எங்கள் கட்சிக்காரர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

இதனை ஒருவரது தனிப்பட்ட பலவீனமாகப் பார்ப்பது தவறு. சாட்சிக் கூண்டில் நாவெழாமல் நிற்பவர் பிறழ்சாட்சியாகக் கருதப்படும் அபாயம் இருக்கிறது. அங்கே உடைவது ஒருவரது மன உறுதி மட்டுமல்ல, ஒரு வழக்கே உடைந்துபோகக்கூடும். எனவே இதனை மருத்துவமாகவும் சட்டமாகவும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

உடலில் நடப்பது என்ன?

பேனிக் அட்டாக் என மருத்துவர்கள் குறிப்பிடும் பீதித் தாக்குதல் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், வியர்க்கும், கைகால் நடுங்கும், மூச்சு முட்டும், இறந்துவிடுவோம் என்ற எண்ணம் எழும். ஆபத்தைக் கண்டால் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே இது. ஆபத்து கண்முன் இல்லாதபோதும் அந்த ஆயத்தம் தானாகத் தொடங்கிவிடுகிறது. கொடிய வேதனை தந்தாலும் இத்தாக்குதல் தன்னளவில் உயிரைப் பறிப்பதில்லை. பிறகு தானாகவே தணியவும் செய்கிறது. எனினும் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ முதன்முறையாக வரும்போது, இதய நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்வது கட்டாயம்.

குணமடைந்தவர்களுக்கும் இது மீண்டும் வரலாம். பழைய நிகழ்வை நினைவூட்டும் குரல், இடம், சீருடை, ஒரு துண்டுக் காகிதம்கூட அதைத் தூண்டிவிடும். திரும்பி வந்ததால் முன்பு பெற்ற தேர்ச்சி அழிந்துவிட்டது என்று பொருளில்லை. முதன்முறை அது என்னவென்றே தெரியாமல் தவித்தவர், இம்முறை அதன் பெயரையும் போக்கையும் அறிந்தவராக இருக்கிறார். தன்னம்பிக்கையை மீட்பதற்கான தொடக்கப் புள்ளி அந்த அறிவுதான்.

தன்னம்பிக்கையைக் கரைப்பது தாக்குதலைவிட, அதற்கு அஞ்சி நாம் விலகிச் செல்லும் பழக்கமே. இன்று நீதிமன்றத்தைத் தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கும். ஆனால் "தவிர்த்ததால்தான் பிழைத்தேன்" என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த வாய்தா இன்னும் பெரிய அச்சமாக நிற்கும். அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக, துணையோடு எதிர்கொள்ளப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இதற்குப் பயன் தருவது நிறுவப்பட்ட ஒன்று. தேவைப்படுவோருக்கு மருந்துகளும் உதவும். அவற்றை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

பொய் எச்சரிக்கையும் மெய்யான ஆபத்தும்

பொதுவான மனநல அறிவுரைகள் எங்கள் மக்களுக்குப் போதாமல் போகும் இடம் ஒன்று உண்டு. "உங்கள் அச்சத்துக்கு அடிப்படையில்லை, துணிந்து செல்லுங்கள்" என்பது அந்த அறிவுரையின் சாரம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வெளிவந்து அதே ஊரில் நடமாடுகிறார். சமரசம் பேச ஆட்கள் வருகிறார்கள். வேலை தருபவரும் கடன் தந்தவரும் அந்தத் தரப்பினராகவே இருக்கிறார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யார் என்ன சொன்னார், எப்போது, எங்கே என்று சொல்லக்கூடிய அச்சம், மிரட்டல். அதற்கு மருந்து சட்டம். அப்படி எதுவும் நிகழாத வேளையிலும், பேருந்திலோ சமையலறையிலோ திடீரென்று உடலைப் பற்றுவது பீதி. அதற்கு மருந்து சிகிச்சை. பலருக்கு இரண்டும் ஒருசேர இருக்கும். மிரட்டலை நோய் என்று சொன்னால் அரசு தன் பொறுப்பிலிருந்து தப்பிவிடும்; நோயை வெறும் மிரட்டல் என்று சொன்னால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகும்.

சட்டம் தரும் பிடிமானங்கள்

2015 திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட பிரிவு 15-ஏ, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் உரிமைகளைத் தொகுத்துச் சொல்கிறது. மிரட்டல், தூண்டுதல், வன்முறை ஆகியவற்றிலிருந்து அவர்களைக் காப்பது அரசின் கடமை. பிணை விசாரணை உள்ளிட்ட நடவடிக்கைகள் குறித்து உரிய காலத்தில் அறிவிப்புப் பெறவும், அவற்றில் தம் கருத்தைச் சொல்லவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. இவை கட்டாயமானவை என்று ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிரட்டல் குறித்து வாய்மொழியாகச் சொன்னாலும் காவல் நிலைய அலுவலர் பதிவு செய்தாக வேண்டும். தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறவும் அதே பிரிவு இடமளிக்கிறது.

1995 விதிகளின் விதி 11, பயணப்படியையும் அன்றாடச் செலவையும் உறுதிசெய்கிறது. பெண்களும் 60 வயதைக் கடந்தோரும் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம்; அவருக்கும் செலவுத் தொகை உண்டு. பீதியால் தனியே பேருந்து ஏற இயலாத ஒரு பெண்ணுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கிறது.

மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரும் நேருக்கு நேர் சந்திக்காதபடி செய்தல், சாட்சியம் அளிக்கும்போது துணையாளர் ஒருவரை அனுமதித்தல் ஆகியவை அதிலுள்ள ஏற்பாடுகள். 2022இல் ஸ்மிருதி துக்காராம் படாடே வழக்கில், மனநலப் பாதிப்புள்ளோரையும் அச்சுறுத்தலுக்கு உள்ளானோரையும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் என்ற வரையறைக்குள் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்தது.

"சிகிச்சை பெறுவது தெரிந்தால் என் சாட்சியம் செல்லாதாகிவிடுமா?" என்பது அடிக்கடி எழும் ஐயம். ஆகாது. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்கு உகந்த பதிலைத் தர முடிந்த எவரும் சாட்சி சொல்லத் தகுதியுடையவரே என்கிறது சாட்சியச் சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 அரசு மருத்துவமனைகளில் சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறும் உரிமையையும் தகவல் இரகசியத்தையும் உறுதிசெய்கிறது.

கூண்டில் ஏறும் முன்

நாங்கள் வலியுறுத்தும் நடைமுறைகள் எளியவை. விசாரணை நாளுக்கு முன்பே, நீதிமன்றம் வெறுமையாக இருக்கும் நேரத்தில், சாட்சியை அழைத்துச் சென்று கூண்டு எங்கே, நீதிபதி எங்கே, எதிர்த்தரப்பு எங்கே அமரும் என்று காட்ட வேண்டும். முதல் நாள் வளாகம் வரை, மறுமுறை அறைக்குள், பிறகு நடக்கும் ஒரு விசாரணையைப் பார்வையாளராகக் காணுதல் எனப் படிகளாகப் பிரிக்கலாம். சொல்ல வேண்டிய விடையைக் கற்பிப்பது முறைகேடு. இடத்தைப் பழக்குவது முறைகேடன்று.

கூண்டில் பீதி எழுந்தால் மூச்சை மெதுவாக நீட்டி வெளிவிட்டு, தண்ணீர் கேட்கலாம், சற்று அவகாசம் கேட்கலாம், கேள்வியை மீண்டும் கேட்கச் சொல்லலாம். அச்சம் முற்றிலும் நீங்கிய பிறகே சாட்சி சொல்ல வேண்டும் என்பதில்லை. நடுங்கும் குரலில் சொன்ன உண்மையும் உண்மையே. இழிவுபடுத்தும் கேள்விகளைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு; அதை நினைவூட்டுவது அரசு வழக்கறிஞரின் வேலை.

உதவிக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இலவசமாக, நாள் முழுவதும் இயங்குகிறது.

பாதிக்கப்பட்டவரிடம் "தைரியமாக இருங்கள்" என்று சொல்வது எளிது. அந்தத் தைரியத்துக்கான செலவுத் தொகை, துணையாள், காவல், சிகிச்சை ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அதைக் கேட்டு மனு போடுவது வழக்கறிஞர்களாகிய எங்கள் கடமை. சம்மன் கைக்கு வந்த நாளிலேயே அந்த மனுவும் தயாராக வேண்டும்.