முக்கூர்த்தி மலையில் புல்லும் நீரும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

மலை என்றால் மரம் அடர்ந்திருக்க வேண்டும். மரம் இல்லாத மலை மொட்டை மலை. நம்மில் பலருடைய எண்ணம் இதுதான். சென்ற குளிர்காலத்தில் எங்கள் துறை மாணவர்கள் பதினைந்து பேர், பேராசிரியர் துணையுடன் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குச் சென்று வரும்வரை என் எண்ணமும் அதுவே.

புறப்படும்போது என் தந்தையார், "வெறும் புல்லு மொளச்ச மலையப் பாக்கறதுக்கா கண்ணு இத்தன காசு?" என்று கேட்டார். அவர் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கரில் நெல் பயிரிடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அவர் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பூங்காவின் அமைப்பு

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது முக்கூர்த்தி. 1982இல் சரணாலயமாகவும், 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரம் இதன் அடையாளம். இறந்தோரின் ஆவி மறுவுலகம் செல்லும் வாயில் இச்சிகரம் என்பது தோடர் மக்களின் நம்பிக்கை. பூங்காவின் மேற்கே நிலம் செங்குத்தாகச் சரிந்து கேரளத்தின் நிலம்பூர்க் காடுகளில் இறங்குகிறது.

நினைத்தவுடன் நுழையக்கூடிய இடமன்று இது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். 2024 அக்டோபரில் 40 நடைப்பாதைகளுடன் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், பார்சன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து முக்கூர்த்திக் குடில் வரை செல்லும் பாதையும் ஒன்று. நாங்கள் நடந்ததும் அதிலேதான்.

நடந்து கண்டவை

காலையில் புல் நுனிகளில் உறைபனி உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. முதலில் சீகை மரத் தோப்பு. தோல் பதனிடும் பட்டைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட மரம் இது. அதன் அடியில் இருட்டும் சருகுமே மிஞ்சியிருந்தன. அதைக் கடந்ததும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை புல்வெளி விரிந்தது. குன்றுகளின் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடுகள் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருந்தன. ஒவ்வொரு சோலையின் அடியிலும் ஓர் ஓடை. மழை நின்று வாரக்கணக்காகியும் அவற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பாறையில் ஏழெட்டு வரையாடுகள் நின்றன. நம் மாநில விலங்கான அது, 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என்று அறியப்பட்டது. மேய்வதற்குப் புல்லும், பகைக்குத் தப்பப் பாறையும் சேர்ந்திருந்தால்தான் அது வாழும். புல்வெளி மரத்தோப்பானால் வரையாடு இல்லை.

புல்லின் பணி

காட்டை அழித்ததால் வந்த புல்லோ இது என்று ஐயம் எழலாம். நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமார் முதலிய அறிஞர்கள் 1993இல் வெளியிட்ட முடிவு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குப் புல் இருந்ததைக் காட்டுகிறது. திறந்தவெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடும். புல் மீண்டும் தழைக்கும்.

பெய்யும் மழையைப் புல்லின் வேர்களும் அதன் கீழுள்ள கருமண்ணும் உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. விரைந்து வளரும் அயல் மரங்களோ அந்நீரைத் தாமே குடித்துவிடுகின்றன. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தார் புல்வெளியில் தைல மரம் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரம் நடுவது நல்லதுதான்; எங்கே, எந்த மரம் என்பதே கேள்வி.

முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கம் தோன்றும் பைக்காரா ஆறு, 1932 முதல் மின்சாரம் தந்து வருகிறது. அந்நீர் மாயாற்றின் வழியே 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையை அடைகிறது. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு மடைதான் எங்கள் வயலுக்குப் பாய்கிறது.

ஊர் திரும்பியதும் வரப்பில் அமர்ந்து இதையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். மடையைச் சற்று நேரம் பார்த்திருந்தவர், "அப்ப அந்தப் புல்லுத்தான் நமக்கு மொத அணைன்னு சொல்லு" என்றார். என் தேர்வுத்தாளில் கூட இவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை.

நண்பர்களே! முக்கூர்த்திக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் பாதையை விட்டு விலகாதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள், கொண்டுபோன பொருளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அந்தப் புல்வெளியை மட்டும் தரிசு என்று சொல்லாதீர்கள். நாம் உண்ணும் சோற்றின் முதல் பருக்கை அங்கேதான் முளைக்கிறது.